பதினெட்டாயிரம் பேர் சொன்னால் ஊர் சொன்னதாகுமா?

3 ஜூன் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தைப் புறவழிச்சாலைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. ஒரு யூடியூப் சேனலில் ‘மாற்றலாமா, வேண்டாமா’ என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். மூன்று நாளில் 18,000 பேர் வாக்களித்தார்கள். நூற்றுக்கு 78 பேர் மாற்றலாம் என்கிறார்கள். கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் 1,000 பேரைக் கேட்டுவிட்டு மாநிலத்தின் மனநிலை இதுதான் என்று அறிவிக்கின்றன. அதை நம்புகிறவர்கள் இதை ஏன் நம்ப மறுக்கிறார்கள்? 18,000 பெரிதா, 1,000 பெரிதா?

3 ஜூன், இரவு

ஊர் எதையும் சொல்லவில்லை. அந்தச் சேனலைப் பார்க்கிறவர்களில், அந்தக் கேள்வி கண்ணில் பட்டவர்களில், பதில் சொல்ல மனம் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் உங்கள் ஊர்க்காரர்கள் என்பதுகூடத் தெரியாது. பத்து வருடம் முன்பு சென்னைக்குக் குடிபெயர்ந்து, பொங்கலுக்கு மட்டும் காரில் வந்துபோகிறவரும் வாக்களித்திருக்கலாம். விடியற்காலை முதல் பேருந்தில் கீரைக்கட்டுடன் வந்திறங்கும் பெண் வாக்களித்திருப்பாரா? நிலையம் ஐந்து கிலோமீட்டர் தள்ளிப்போனால் தினமும் ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனைக்கு மாத்திரை வாங்க வரும் முதியவரும் அப்படித்தான்.

எண்ணிக்கை பெரிதானால் உண்மை அருகில் வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பு 1936இல் அமெரிக்காவில் உடைந்தது. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற இதழ் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அஞ்சலில் அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் பதில்கள் திரும்பின. இரண்டு முதன்மை வேட்பாளர்களுக்கு இடையே மட்டும் கணக்கிட்டால் லாண்டனுக்கு 57, ரூஸ்வெல்ட்டுக்கு 43. தேர்தலில் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளுடன் வென்றார். 48 மாநிலங்களில் லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு, மெய்ன், வெர்மாண்ட். இதழ் முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று யோசித்தால் போதும். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் ஏறத்தாழ 50,000 பேரைக் கேட்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். டைஜஸ்ட் எந்தப் பக்கம் தவறப்போகிறது என்பதையும் முன்கூட்டியே எழுதினார்.

இரண்டு ஆண்டுகளில் அந்த இதழ் நின்றுபோனது.

4 ஜூன்

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். 1,000 பேர் போதும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. பானை பெரிதாக இருக்கிறதே என்று யாரும் நூறு பருக்கைகளை நசுக்கிப் பார்ப்பதில்லை.

ஆனால் என் அம்மா விறகடுப்பில் வடித்த நாள்களில் ஒரு பருக்கையோடு நிறுத்தியதில்லை. தீ ஒரு பக்கம் எரியும். அகப்பையை அடிவரை விட்டுக் கிளறிவிட்டுத்தான் பருக்கையை எடுப்பார். ரேஷன் அரிசியும் கடை அரிசியும் கலந்து போட்ட நாளில் இன்னும் கவனம், ஒன்று குழைந்திருக்கும்போது மற்றது நறுக்கரிசியாக நிற்கும். பழமொழிக்குள் சொல்லாமல் விட்ட பகுதி இந்தக் கிளறல்தான். யூடியூப் வாக்கெடுப்பில் பானையைக் கிளறுகிறவர் யாரும் இல்லை. மேலே மிதந்து வந்ததை 18,000 முறை எடுத்தாலும் அடியில் இருப்பது தெரியாது.

4 ஜூன், மாலை

சேலத்திலிருந்து ஒருவர்: ‘எட்டுக் கோடிப் பேருக்கு 1,000 பேர் எப்படிப் போதும்? கணக்கு எங்கே?’

நான் கணக்கு ஆசிரியையாக இருந்தவள் என்பதால் இதை விட மனமில்லை. எல்லோருக்கும் சம வாய்ப்பு கிடைக்கும்படி குலுக்கல் முறையில் 1,000 பேரை எடுத்தால், கிடைக்கும் சதவீதம் உண்மையிலிருந்து பெரும்பாலும் 3 புள்ளிக்குள் கூடும் அல்லது குறையும். நூறு முறை எடுத்தால் ஏறத்தாழ 95 முறை இப்படி அமையும். இந்த 3 புள்ளியைத்தான் பிழை விளிம்பு என்கிறார்கள். 4,000 பேரை எடுத்தால் 3 என்பது ஒன்றரையாகக் குறையும், அவ்வளவே. ஊரின் மக்கள்தொகை எட்டு லட்சமா எட்டுக் கோடியா என்பது இந்தக் கணக்கில் ஏறக்குறைய நுழைவதே இல்லை. குலுக்கல் இல்லாத இடத்தில் 3 என்ற எண்ணுக்குப் பொருளும் இல்லை. தானாக வந்து வாக்களித்த 18,000 பேருக்கு ‘பிழை விளிம்பு ஒரு சதவீதத்துக்கும் கீழ்’ என்று யாராவது போட்டால், அது கணக்கின் பெயரால் சொல்லும் பொய்.

6 ஜூன், திருத்தம்

1936 பற்றி நான் எழுதியது பாதிதான் சரி. தொலைபேசி, கார் என்று பட்டியலின் மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டேன். வாக்குச்சீட்டு கையில் கிடைத்தவர்களில்கூட ரூஸ்வெல்ட்டுக்கே பெரும்பான்மை இருந்தது என்று பிற்கால ஆய்வு சொல்கிறது. 1937இல் காலப் அமைப்பு ‘சீட்டு வந்ததா, திருப்பி அனுப்பினீர்களா’ என்று கேட்டுவைத்திருந்த பதில்களை எடுத்து, பெவரில் ஸ்குவயர் 1988இல் எழுதிய கட்டுரை அது. சீட்டு கிடைத்தும் நான்கில் மூன்று பேருக்கு மேல் அதைத் திருப்பி அனுப்பவில்லை. ரூஸ்வெல்ட் மேல் கோபத்தில் இருந்தவர்கள் அக்கறையோடு அனுப்பினார்கள், அவரோடு நிம்மதியாக இருந்தவர்கள் மேசையில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

உங்கள் பேருந்து நிலையத்துக்கும் இது பொருந்தும். சேனல் ஊர் முழுவதையும் எட்டியிருந்தால்கூட, பதில் சொன்னவரும் சொல்லாதவரும் ஒரே மாதிரி நினைக்கிறவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

7 ஜூன்

கோபம் எழுதவைக்கும் என்பதற்கு இன்னொன்று. 1970களின் நடுவில் ஆன் லாண்டர்ஸ் என்ற பெயரில் அமெரிக்க நாளிதழ்களில் வந்த யோசனைப் பகுதியில் ஒரு கேள்வி வெளியானது: மறுபடியும் வாய்ப்புக் கிடைத்தால் குழந்தை பெற்றுக்கொள்வீர்களா? ஏறத்தாழ 10,000 பேர் எழுதினார்கள். அவர்களில் 70 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள். நாடே அதிர்ந்தது. பிறகு ‘நியூஸ்டே’ நாளிதழ் குலுக்கல் முறையில் பெற்றோர்களைத் தேர்ந்தெடுத்துக் கேட்டபோது 91 சதவீதம் பேர் பெற்றுக்கொள்வோம் என்றார்கள்.

எழுதிய அந்தப் பத்தாயிரம் பேரின் துயரம் பொய்யில்லை. பிள்ளைகளால் நொந்த தாய்மார்கள் ஒவ்வொருவரும் உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களை அவர்களின் வலியாகப் படித்திருக்க வேண்டும். நாட்டின் கணக்காக எண்ணியதுதான் தவறு.

9 ஜூன்

‘அப்படியானால் கைதூக்கச் சொல்லி எண்ணுவதே வீணா?’ என்கிறார் கேள்வி கேட்டவர்.

வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, 44 பிள்ளைகள். சுற்றுலாவுக்குத் தஞ்சாவூரா, தரங்கம்பாடியா என்று கேட்டேன். வகுப்புத் தலைவி தரங்கம்பாடிக்குக் கை தூக்கினாள். முன் பெஞ்சு தூக்கியது. பின் பெஞ்சுகள் முன் பெஞ்சைப் பார்த்துத் தூக்கின. 40 கைகள். ஏதோ உறுத்தியதால் மறுநாள் பெயர் எழுதாமல் சீட்டில் எழுதச் சொன்னேன். தரங்கம்பாடிக்கு 19, தஞ்சாவூருக்கு 14. மீதி 11 சீட்டுகளில் நான் கேட்காத பதில் இருந்தது. சில வெறுமையாக இருந்தன. சிலவற்றில் ‘போக வேண்டாம்’ என்று இருந்தது. ஒன்றில் ‘பணம் எவ்வளவு டீச்சர்’ என்று மட்டும்.

எங்கே போவது என்று கேட்டேனே தவிர, போக முடியுமா என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த ஆண்டு கட்டணத்தைக் குறைக்க வழி தேடினோம். அந்தச் சீட்டை இன்றும் வைத்திருக்கிறேன்.

எனவே வீணில்லை. ஆனால் அதன் பயன் எண்ணிக்கையில் கிடைக்கவில்லை, நான் கேட்காமல் விட்ட கேள்வியை அது எனக்குக் காட்டிக்கொடுத்தது.

10 ஜூன்

நேற்று எழுதியதை இன்று படித்தபோது ஒன்று விட்டுப்போனது தெரிந்தது. கை தூக்குவதற்கும் சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் யூடியூபிலும் இருக்கிறது. வாக்களித்த உடனே எந்தப் பக்கம் எத்தனை சதவீதம் என்று திரை காட்டிவிடுகிறது. ஒருவர் அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார், ‘நாம் பின்தங்குகிறோம், உடனே போடுங்கள்’ என்று. அதன்பிறகு வந்துசேர்பவை கருத்துகளா, திரட்டிய படையா என்று பிரிக்க முடியாது.

2002இல் பிபிசி உலக சேவை உலகின் விருப்பப் பாடல் எது என்று நேயர்களைக் கேட்டது. முதலிடம் ஓர் ஐரிஷ் விடுதலைப் பாடலுக்கு. நான்காவது ‘ராக்கம்மா கையத் தட்டு’. ஐந்தாவது, ஈழத்தமிழ்ப் பாடலான ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’. உலகின் முதல் ஐந்தில் இரண்டு தமிழ்ப் பாடல்கள். அன்று எனக்கு வந்த மின்னஞ்சலை நானும் எட்டுப் பேருக்கு அனுப்பினேன், பெருமையில் கண் கலங்கியது. நான்காவது பாட்டைத் தெரியாத தமிழர் குறைவு. ஐந்தாவது பாட்டைத் தமிழ்நாட்டில் எத்தனை பேரிடம் கேட்டாலும் ‘எந்தப் பாட்டு?’ என்றார்கள். உலகம் எதைக் கேட்கிறது என்பதை அந்தப் பட்டியல் சொல்லவில்லை. ஊரைவிட்டுச் சிதறியவர்கள் ஒரு பாட்டை எவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சொன்னது. அது சிறிய செய்தி என்று நான் நினைக்கவில்லை.

11 ஜூன்

முறையான கருத்துக்கணிப்பும் தவறுகிறதே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தவறுகிறது. 1948 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் காலப்பே தவறினார். டியூவி வெல்வார் என்றார், வென்றவர் ட்ரூமன். ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை பேர் என்று ஒதுக்கீடு கொடுத்துவிட்டு, அவர்கள் யார் என்பதைக் களத்தில் கேட்பவரின் விருப்பத்துக்கு விட்டதும், தேர்தலுக்குப் பல நாள் முன்பே கேட்பதை நிறுத்தியதும் காரணங்கள். இங்கே 2004இல் வாஜ்பாய் அரசு திரும்பும் என்றே பெரும்பாலான கணிப்புகள் சொல்லின. காங்கிரஸ் 145 இடங்களும் பாஜக 138 இடங்களும் பெற்றன. 2024இல் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகள் பலவும் ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன. கிடைத்தது 293.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் இரு பெரிய அணிகளுக்கும் இடையே வாக்கு வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டியதுதான். இடங்களோ 134, 98. மூன்று புள்ளி கூடலாம் குறையலாம் என்ற கருவியை வைத்துக்கொண்டு ஒரு புள்ளி இடைவெளியை அளக்க முடியாது. அளந்ததாகச் சொன்னால் ஊகித்தார்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதும் உண்டு. நான் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போனவள். பெண்ணின் வேலை என்ன என்று அந்தப் பெண்ணைக் கேட்டால் கணவர் முந்திக்கொண்டு ‘சும்மா இருக்கிறாள்’ என்பார். பின்னால் மாட்டுக்கொட்டகையில் நான்கு மாடுகள் நிற்கும்.

11 ஜூன், மறுபடியும்

கருத்துக்கணிப்பு எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை மதுரை பார்த்திருக்கிறது. 2007 மே 9. ‘கருணாநிதியின் அரசியல் வாரிசு யார்’ என்ற கணிப்பை வெளியிட்டதற்காகத் தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டது, தீயில் ஊழியர்கள் மூவர் இறந்தார்கள். அந்தக் கணிப்பை நடத்தியவர்களும் அல்லர், எழுதியவர்களும் அல்லர், அன்று வேலைக்கு வந்தவர்கள். சதவீதம் என்ற சொல்லைப் படிக்கும்போது அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

14 ஜூன்

குடவோலையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, கி.பி. 919, 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஊரைக் குடும்பு எனப்படும் முப்பது பகுதிகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். குடத்தைக் குலுக்க வேண்டும் என்பதையும் கல்லில் வெட்டி வைத்தவர்கள் அவர்கள். எடுக்கிற கைக்கு விருப்பு வெறுப்பு இருக்கக் கூடாது என்ற அறிவு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்திருக்கிறது.

பெருமைப்பட்டுக்கொண்டே அடுத்த வரியையும் படிக்க வேண்டும். குடத்துக்குள் யாருடைய பெயர் போகலாம்? வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதக் கல்வி. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களின் ஓலை குடத்துக்குள் போகவே இல்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் குடத்தில் இல்லாத பெயர் வெளியே வராது. அமெரிக்க இதழின் தொலைபேசிப் புத்தகமும் இதே குடம்தான்.

15 ஜூன்

இதையெல்லாம் இவ்வளவு பிடிவாதமாக எழுதுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திருத்துவது சரியாகாது.

எங்கள் தெருக்கள் சேர்ந்து நடத்தும் படிப்பகம் ஒன்று இருக்கிறது. காலை 7 முதல் 10 வரை திறந்திருந்தது. சென்ற ஆண்டு நான் செயலாளராக இருந்தபோது, மாலைக்கு மாற்றலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். 74 பேர் பதில் சொன்னார்கள், 61 பேர் மாலை என்றார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. மாற்றினோம்.

மாலையில் வந்தவர்கள் ஐந்தாறு பேர். குழுவில் ‘மாலை’ என்று போட்டவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். மாலை வசதி என்று மனதார நினைத்தார்கள், ஆனால் ஏழு மணிக்குக் களைத்து வீடு திரும்பிய பிறகு யார் வருவார்? காலையில் வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுபோனார்கள். தினமும் மூன்று நாளிதழ்களையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அரை மணி நேரம் உட்கார்ந்து போகும் இரண்டு பெண்கள். போட்டித் தேர்வுக்குப் படித்த ஒரு பெண்ணுக்கு வீட்டில் மேசை கிடையாது. இவர்களில் ஒருவரும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இல்லை. கணக்குப் பாடத்தில் மாதிரி எடுப்பதைச் சொல்லிக்கொடுத்த நான் இதைச் செய்தேன்.

அந்தத் தொழிலாளியைத் தெருவில் பார்த்தபோது மன்னிப்புக் கேட்டேன். ‘எங்களைக் கேட்கவில்லையேம்மா’ என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

17 ஜூன்

பேருந்து நிலையத்துக்காரருக்கு: 78 சதவீதத்தை ஆட்சியரிடம் மனுவாகக் கொண்டுபோகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கொண்டுபோகாதீர்கள். அந்த வாக்கெடுப்பின் கீழே 600 பின்னூட்டங்கள் இருப்பதாகச் சொன்னீர்களே, அவற்றைப் படியுங்கள். நெரிசல், கழிப்பறை, இரவில் பெண்கள் இறங்கும் பயம் என்று மக்கள் எதற்காக மாற்றச் சொல்கிறார்கள் என்பது அங்கே இருக்கும். பிறகு ஒரு நோட்டுடன் காலை 5 மணிக்கு நிலையத்தில் நில்லுங்கள். வருகிற ஒவ்வொரு பேருந்திலும் இறங்குகிற ஐந்தாவது ஆளைக் கேளுங்கள், உங்களுக்குப் பிடித்த முகத்தைத் தேடாதீர்கள். மதியமும் இரவும் அப்படியே. சந்தை நாளிலும் சாதாரண நாளிலும் செய்யுங்கள். ‘மாற்றலாமா’ என்று மட்டும் கேட்காமல் ‘இங்கிருந்து எங்கே போகிறீர்கள், எப்படிப் போகிறீர்கள்’ என்றும் கேளுங்கள். இருநூறு பேர் போதும். அந்த இருநூறு, உங்கள் பதினெட்டாயிரத்தைவிட எனக்குக் கனமானது.

என் தாத்தா களத்தில் நெல் தூற்றுவதற்கு முன் ஒரு பிடிப் பதரை எடுத்து மேலே விடுவார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து முறத்தைத் திருப்பிக்கொள்வார். மகசூல் எத்தனை மூட்டை என்பதை மரக்கால் வைத்து அளந்துதான் சொல்வார். வைக்கோலைப் பறக்கவிட்டுக் காற்றைப் பார்ப்பதை வைத்துத்தான் அமெரிக்காவிலும் இந்த முறைசாரா வாக்கெடுப்புக்கு ‘ஸ்ட்ரா போல்’, அதாவது வைக்கோல் வாக்கெடுப்பு, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1824 குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் செய்தித்தாள் ஒன்று வெளியிட்ட, முதலாவது என்று சொல்லப்படும் கணக்கில் ஜாக்சன் முந்தினார். மக்கள் வாக்கிலும் அவரே முந்தினார். பதவியோ ஆடம்ஸுக்குப் போனது. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் பிரதிநிதிகள் சபை முடிவுசெய்தது.

22 ஜூன்

படிப்பக நேரத்தை மறுபடியும் கேட்கிறோம், இந்த முறை வீடு வீடாக. மொத்தம் 212 வீடுகள், வாடகை வீடும் மாடியில் ஒற்றை அறையில் இருப்பவர்களும் கோயில் பின்புறக் குடிசைகளும் சேர்த்து. நானே நடந்து எண்ணி எழுதினேன். வரி ரசீதுப் பட்டியலில் இவற்றில் 31 இல்லை. ஏழுக்கு ஒரு வீடு. எந்த எண்ணில் தொடங்குவது என்பதற்கு ஒன்று முதல் ஏழு வரை சீட்டெழுதிச் சொம்பில் போட்டு, எதிர்வீட்டு ஐந்து வயதுப் பையனை எடுக்கச் சொன்னோம். நான்கு வந்தது. 4, 11, 18 என்று முப்பது வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களில் அடுத்துப் பிறந்தநாள் வருகிறவரைக் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. இல்லாவிட்டால் கதவைத் திறக்கிற ஆண்கள்தான் பதில் சொல்வார்கள்.

23 ஜூன்

முதல் நாளில் 19 வீடுகள் முடிந்தன. நான்கு வீடுகளில் பதில் சொல்ல வேண்டியவர் சமையலறையில் இருந்தார், காத்திருந்தேன். ஒரு வீட்டில் 12 வயதுச் சிறுமி, ‘ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் திறப்பீர்களா?’ என்று கேட்டாள். அதை யாரும் வினாத்தாளில் சேர்க்கவில்லை, ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

ஏழு வீடுகள் பூட்டியிருந்தன. ‘பக்கத்து வீட்டில் கேட்டுவிடலாமே’ என்றார் உடன் வந்தவர். கணக்கெடுப்பின்போது பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை போன கால்கள் இவை. நாளை இரவு எட்டரை மணிக்கு மேல் போகிறோம். ஆலையில் இரண்டாம் ஷிப்ட் பார்க்கிறவர் வீடு அதில் ஒன்று, அவருக்காக வியாழக்கிழமை காலை.